பாட்டி வீட்டுப் பெண்கள்: திங்கட்கிழமைக்குள் மீனா சொல்ல வேண்டிய பதில்

மீனாட்சி, காலை 6:52
எல்லோருக்கும் வணக்கம். வியாழக்கிழமை புற்றுநோய்க்காக என் இடது மார்பகத்தை முழுவதுமாக எடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று மருத்துவர் புதிதாக ஒன்று கேட்டார். எடுத்த கையோடு அதே மயக்கத்தில் இம்ப்ளாண்ட் வைத்துவிடலாமா, பிறகு பார்த்துக்கொள்ளலாமா, எதுவுமே வேண்டாமா என்று திங்கட்கிழமைக்குள் நான் சொல்ல வேண்டுமாம். இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. கமலா சித்தி, முப்பது ஆண்டுகள் அறுவை அரங்கில் நின்றவர் நீங்கள். உங்களிடம்தான் முதலில் கேட்கிறேன்.

ராஜம், காலை 6:58
நாற்பத்தாறு வயதில் இதெல்லாம் எதற்கு? உயிர் பிழைத்தால் போதாதா?

செல்வி, காலை 7:01
பெரியம்மா, அக்கா கேட்டது கமலா சித்தியை.

சுந்தரி, காலை 7:03
பலமுறை பகிரப்பட்டது: "பெண்களே, எச்சரிக்கை! சிலிக்கோன் வைத்துக்கொண்டு விமானத்தில் ஏறினால் அது வெடித்துவிடும். இரத்தத்தில் கலந்து ஒரே ஆண்டில் புற்றுநோய் வரும். பத்துப் பேருக்கு அனுப்புங்கள்."

நித்யா, காலை 7:05
சுந்தரி பாட்டி, போன மாதம் இதே செய்தியில் விமானத்துக்குப் பதிலாக மைக்ரோவேவ் அடுப்பு இருந்தது.

செல்வி, காலை 7:19
பதினைந்து நிமிடமாகக் கமலா சித்தி தட்டச்சு செய்துகொண்டே இருக்கிறார். சுற்றறிக்கை வருகிறது, எல்லோரும் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

கமலா, காலை 7:24
விமானத்தில் எதுவும் வெடிக்காது, சுந்தரி. அந்தப் பேச்சை இத்துடன் விடுவோம்.

மீனா, உன் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. முதலாவது, மார்பைத் தட்டையாகவே தைத்து மூடிவிடுவது. இதையும் அழகாகத் தைக்கச் சொல்லிக் கேட்கலாம். இல்லாவிட்டால் சில சமயம் ஓரங்களில் தோல் மடிந்து தொங்கும். இரண்டாவது, தட்டையாக விட்டு, வெளியே உள்ளாடைக்குள் செயற்கை மார்பகத்தை அணிவது. மூன்றாவது, இம்ப்ளாண்ட். நான்காவது, உன் வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சதையை எடுத்து மார்பகம் செய்வது. வயிற்றுச் சதை என்றால் நுண்ணிய இரத்தக் குழாய்களை இணைக்க வேண்டும் என்பதால் அது பல மணி நேரம் பிடிக்கும் அறுவை. இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தழும்பும் இருக்கும். ஆனால் உன் சதை உன்னோடு சேர்ந்து இளைக்கும், பெருக்கும். நாளடைவில் மாற்ற வேண்டிய பொருள் என்று உள்ளே ஒன்றும் இராது.

இம்ப்ளாண்ட் என்பது எந்த வகையானாலும் வெளியே சிலிக்கோன் தோல் கொண்ட ஒரு பைதான். உள்ளே உப்புநீர் இருக்கும் அல்லது சிலிக்கோன் ஜெல் இருக்கும். உப்புநீர்ப் பை கிழிந்தால் ஓரிரு நாளில் மார்பு சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும், நீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும். ஜெல் தொடுவதற்கு இயல்பாக இருக்கும். ஆனால் கிழிந்தால் வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கக்கூடும். அப்படிக் கிழிந்த ஒன்றை நாங்கள் எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஜெல் கெட்டியான பசைபோல் கையுறையில் ஒட்டிக்கொண்டு வரவே வரவில்லை. கருவித் தட்டைத் துடைக்க அன்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சுந்தரி, காலை 7:31
அப்படியானால் புற்றுநோய் என்று சொல்வது பொய்தானா?

கமலா, காலை 7:46
முழுப் பொய்யும் இல்லை, அவர்கள் எழுதியபடி உண்மையும் இல்லை. இம்ப்ளாண்ட் வைப்பதால் மார்பகப் புற்றுநோய் கூடுவதாகக் காணப்படவில்லை. ஆனால் அதைச் சுற்றி உடல் கட்டும் தழும்புறையில் நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று அரிதாக வருகிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011-இல் இதைப் பற்றி முதலில் எச்சரித்தது. 2016-இல் உலக சுகாதார நிறுவனமும் இதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. மேற்பரப்பு சொரசொரப்பாக உள்ள வகைகளோடுதான் அதற்குப் பெரும்பாலும் தொடர்பு. அதனால்தான் 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகெங்கிலுமிருந்து திரும்பப் பெற்றது. ஆகவே மீனா, மருத்துவரிடம் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி, வைக்கப்போவது வழவழப்பா, சொரசொரப்பா என்பதுதான். எல்லாம் ஆறிப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கினால், அடிபட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது; உள்ளே தேங்கிய நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், இம்ப்ளாண்டையும் உறையையும் முழுமையாக எடுப்பதே பெரும்பாலோருக்குப் போதுமானதாக இருக்கிறது.

நித்யா, காலை 7:50
மூட்டுவலி, களைப்பு, மறதி என்று பலர் சொல்கிறார்களே, சின்னப் பாட்டி?

கமலா, காலை 7:58
சொல்கிறார்கள், அதை நான் தள்ளிவிட மாட்டேன். அதற்கென்று உறுதியான பரிசோதனை எதுவும் இல்லை. ஆனால் எடுத்த பிறகு உடல் தேறியதாகச் சொல்லும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதல் சிலிக்கோன் ஜெல் இம்ப்ளாண்ட் 1962-இல் ஹூஸ்டனில் வைக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1992-இல்தான், பாதுகாப்புக்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்காவில் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தினார்கள். 2006-இல் மறுபடி அனுமதித்தார்கள். பிறகு பிரான்சில் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரமில்லாத தொழிற்சாலை சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010-இல் வெளிவந்தது. பெண்கள் சொன்னதைக் காதில் வாங்க இந்தத் துறை எப்போதுமே தாமதித்திருக்கிறது என்பதுதான் என் எண்ணம்.

ராஜம், காலை 8:05
இவ்வளவு தொல்லை இருக்கிறது என்று நீயே சொல்கிறாய். பிறகு எதற்கு யோசிக்க வேண்டும்? மார்பகம் இல்லாமலே நான் இருபத்தோரு ஆண்டுகள் வாழவில்லையா?

செல்வி, காலை 8:07
என்ன சொன்னீர்கள், பெரியம்மா?

நித்யா, காலை 8:07
பாட்டி?

கமலா, காலை 8:15
அவளே வாய் திறந்துவிட்டதால் நானும் சொல்கிறேன். கர்ப்பப்பை அறுவை என்றுதான் எங்கள் எல்லோரிடமும் சொன்னாள், செவிலியரான என்னிடமும் அதையேதான் சொன்னாள். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒருநாள் துணி உலர்த்தும் கொடியில், உள்ளாடைக்குள் கையால் தைத்த ஒரு பையும், அதில் வெயிலில் காயும் பஞ்சு உருண்டையும் இருந்ததைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ராஜம், காலை 8:22
பேசி என்ன ஆகப் போகிறது? அந்தப் பஞ்சு வியர்வையில் கட்டியாகிவிடும். குனிந்தால் கழுத்துவரை ஏறி வந்துவிடும். மீனாவின் திருமணத்தில் நான் ஒரு படத்திலும் நேராக நிற்கவில்லை, போய்ப் பாருங்கள்.

மீனாட்சி, காலை 8:26
பெரியம்மா, நீங்கள் என்னிடமாவது சொல்லியிருக்கலாம்.

செல்வி, காலை 8:29
அப்படியானால் மரபணுப் பரிசோதனையைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றல்லவா படிவத்தில் எழுதிக்கொடுத்தோம்! அதை உடனே திருத்துங்கள்.

கமலா, காலை 8:31
திருத்தத்தான் வேண்டும், இன்றைக்கே.

நித்யா, காலை 8:36
இதைச் சொல்ல இது நேரமில்லை என்பது தெரிகிறது. இருந்தாலும், சென்ற ஆண்டு நான் எனக்காக இதைப் பற்றிக் கேட்டபோது பாட்டி என்னோடு மூன்று நாட்கள் பேசவில்லை.

கமலா, காலை 8:44
உன் கதை வேறு, நித்யா. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவசரப்படவும் ஒன்றுமில்லை. இம்ப்ளாண்ட் வாழ்நாள் முழுவதும் நிலைக்கும் பொருள் அல்ல. இருபத்து நான்கு வயதில் வைத்தால் மறுபடி மேசையில் படுக்கும் நாள் வரும் என்று எண்ணியே வைக்க வேண்டும். காம்பின் ஓரத்தில் கீறி வைத்தால் பிற்காலத்தில் பாலூட்டுவது பாதிக்கப்படலாம். மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுக்கும்போது இம்ப்ளாண்ட் இருப்பதை முன்கூட்டியே சொல்லிக் கூடுதல் படங்கள் எடுக்க வேண்டும். உன்னோடு தனியாகப் பேசுகிறேன். இப்போது மீனாவைப் பார்ப்போம்.

மீனாட்சி, காலை 8:50
சித்தி, எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. கதிர்வீச்சு தேவைப்படுமா என்பது நிணநீர்க் கணுக்களின் பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் தெரியும் என்கிறார்கள். இந்த நிலையில் நான் எதைத் தேர்ந்தெடுப்பது?

கமலா, காலை 9:12
இதைத்தான் நீ முதலில் சொல்லியிருக்க வேண்டும். கதிர்வீச்சு படும் இடத்தில் இம்ப்ளாண்ட் இருந்தால், அதைச் சுற்றியுள்ள உறை இறுகுவதற்கு வாய்ப்பு அதிகம். அப்படி இறுகுவதை ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரிப்பார்கள். நான்காம் தரத்தில் மார்பு பந்துபோல் கெட்டியாகி, கோணலாகி, ஒருக்களித்துப் படுக்க முடியாத அளவுக்கு வலிக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் தையல் ஆறுவதும் தாமதமாகும், தொற்றும் எளிதில் வரும். தொற்று இம்ப்ளாண்டில் பிடித்துவிட்டால் மருந்து மட்டும் போதாமல், பல நேரங்களில் அதையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

நடுவில் ஒரு வழி உண்டு. எக்ஸ்பாண்டர் என்னும் காலிப் பையை முதலில் வைத்துத் தைத்துவிட்டு, சில வாரங்களுக்கு அதன் வாயில் ஊசி செருகிக் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றித் தோலை விரிப்பார்கள். பிறகு இரண்டாம் அறுவையில் நிரந்தர இம்ப்ளாண்டையோ உன் சதையையோ வைப்பார்கள். பெரும்பாலான எக்ஸ்பாண்டர்களின் வாயில் காந்தம் இருப்பதால், அது உள்ளே இருக்கும் காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது என்பதை யார் மறந்தாலும் நீ மறக்காதே. இதுவும் வேண்டாமென்றால் தட்டையாக மூடிவிட்டு, சிகிச்சையெல்லாம் முடிந்து ஓராண்டு, ஈராண்டு கழித்துக்கூடச் செய்துகொள்ளலாம். திங்கட்கிழமைக்குள் சொல் என்பது அறுவை அரங்கின் நேரத்தை ஒதுக்குவதற்காக. "இப்போதைக்கு இல்லை" என்பதும் ஒரு பதில்தான்.

இன்னொன்றை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். எதை வைத்தாலும் அந்த இடத்தில் தொடு உணர்ச்சி பெரும்பாலும் இராது. வெந்நீர்ப் பையை மார்பின்மேல் வைத்துத் தூங்கிவிட்டு, கொப்புளம் வந்த பிறகே சூட்டை அறிந்தவர்கள் உண்டு.

செல்வி, காலை 9:15
சித்தி, இதைப் படித்துவிட்டு அக்கா இன்றைக்கும் தூங்கப் போவதில்லை.

மீனாட்சி, காலை 9:21
இல்லை செல்வி, இதைக் கேட்ட பிறகுதான் கொஞ்சம் மூச்சு வருகிறது. வைத்தால் பிறகு என்னென்ன பார்க்க வேண்டும், சித்தி?

கமலா, காலை 9:29
அவர்கள் தரும் அட்டையைப் பத்திரப்படுத்து. வகை, அளவு, வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். ஜெல் என்றால், அறிகுறி இல்லாவிட்டாலும் 5 அல்லது 6 ஆண்டுகளில் முதல் ஸ்கேன், அதன்பின் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது அமெரிக்க நிர்வாகத்தின் பரிந்துரை.

சுந்தரி, காலை 9:33
அந்தச் செய்தியை நான் ஏற்கெனவே பதினான்கு பேருக்கு அனுப்பிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

நித்யா, காலை 9:34
பதினான்கு பேருக்கும் "அது தவறு" என்று அனுப்புங்கள், பாட்டி.

மீனாட்சி, காலை 9:41
எனக்கு இப்போது தோன்றுவது இதுதான்: வியாழக்கிழமை தட்டையாக, அழகாக மூடச் சொல்கிறேன், கதிர்வீச்சு வேண்டாம் என்று முடிவு வந்தால் எக்ஸ்பாண்டரைப் பற்றி யோசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மனம் மாறினாலும் மாறும். திங்கட்கிழமை என்னுடன் யார் வருகிறீர்கள்?

கமலா, காலை 9:42
நான் வருகிறேன்.

ராஜம், காலை 9:43
நானும் வருகிறேன்.

செல்வி, காலை 9:44
இருவரும் ஒரே வண்டியிலா?

ராஜம், காலை 9:58
கமலா, வெளியே அணியும் செயற்கை மார்பகம் என்று ஒன்று சொன்னாயே, அது பஞ்சுபோல் மேலே ஏறி வராதா?

கமலா, காலை 10:02
வராது, அக்கா. அதற்கு உண்மையான எடை உண்டு. உள்ளாடையில் தைத்த பைக்குள் அது நிற்கும்.

ராஜம், காலை 10:03
இருபத்தோரு ஆண்டுகள் கழித்தும் கேட்டால் தருவார்களா?

கமலா, காலை 10:04
தருவார்கள். அளவு எடுக்க நீயே வர வேண்டும்.