காரின் சர்ப்பென்டைன் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி:
பத்தாண்டுகள் ஓடிய என் பெட்ரோல் காரில், காலையில் இன்ஜினை இயக்கும்போதும் ஏசியைப் போடும்போதும் சர்ப்பென்டைன் பெல்ட் (இன்ஜினின் சுழற்சியால் ஆல்டர்னேட்டர், ஏசி போன்றவற்றை ஓட்டும் நீண்ட பெல்ட்) கிறீச்சிடுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு வெடிப்புகூட இல்லை. இதை நானே மாற்ற முடியுமா?

பதில் 1:
வெடிப்பு இல்லை என்பதால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று கொள்ள வேண்டாம். இக்காலத்து ஈபிடிஎம் ரப்பர் பெல்ட்டுகள் வெடிப்பதைவிட, டயரைப் போலத் தேய்ந்து, வரிப்பள்ளங்கள் அகன்று, பிடிமானத்தை இழக்கின்றன. பெல்ட் செல்லும் பாதையை முதலில் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நன்கு ஆறியபின் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரை நீளமான ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பிப் பிடித்தபடி, கைக்கு எட்டும் கப்பியிலிருந்து பெல்ட்டை உருவுங்கள். புதியதை மாட்டும்போது ஒவ்வொரு வரியும் அதனதன் பள்ளத்தில் அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு வரி விலகியிருந்தாலும் பெல்ட் ஓரம் பிய்ந்துவிடும்.

பதில் 2:
பெல்ட் கழன்றிருக்கும்போதே கப்பிகளைக் கையால் சுழற்றிப் பார்ப்பது மிக அவசியம். என் காரில் புதிய பெல்ட் போட்ட பிறகும் சத்தம் நிற்கவில்லை. மறுபடி கழற்றி, பெல்ட்டை அதன் பாதையில் தாங்கிச் செல்லும் ஐட்லர் கப்பியைச் சுழற்றியபோது, மணல் அரைபடுவதுபோல் விரலில் தெரிந்தது, பேரிங் போயிருந்தது. ஆயில் அல்லது கூலன்ட் கசிந்து பெல்ட்டில் பட்டிருந்தால், அதைச் சரிசெய்யாமல் புதிய பெல்ட்டைப் போடாதீர்கள்.

பதில் 3:
உங்கள் காரில் டென்ஷனர் இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். சில கார்களில் அது இல்லாமல், இழுத்து மாட்டும் வகைப் பெல்ட்டே இருக்கும். அதற்குரிய கருவி இல்லாவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பதே நல்லது.