தோமையார் மயிலாப்பூருக்கு வந்தாரா?

பரங்கிமலைவாசி:
இன்று ஜூலை 3, இயேசுவின் பன்னிரு சீடரில் ஒருவரான தோமையார் திருநாள். சென்னை பரங்கிமலைக் கோயிலில் பூசை முடிந்து இறங்கி வந்ததும் எழுதுகிறேன். கி.பி. 52இல் கேரளக் கரையின் பழைய துறைமுகமான முசிறியில் வந்திறங்கினார், 72இல் இந்த மலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்று கேட்டு வளர்ந்தவன் நான். போன வாரம் இங்கே ஒருவர், "எல்லாம் போர்ச்சுகீசியர் கட்டிய கதை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. போர்ச்சுகீசியர் வருவதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே மார்க்கோ போலோ, மயிலாப்பூரில் தோமையாருடையது என்று நாங்கள் சொல்லும் கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். மாபார் நாட்டின் (சோழமண்டலக் கரையை அப்படித்தான் சொன்னார்கள்) ஒரு சிற்றூரில் தோமையாரின் உடல் இருக்கிறது, கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் அங்கே வருகிறார்கள், அவர் இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறார்கள் என்கிறார். இதைப் போர்ச்சுகீசியர் எப்படிக் கட்டியிருக்க முடியும்?

ஏட்டுச்சுவடி:
அந்த வரியை எழுதியவன் நான்தான் நண்பரே. சரி, விரிவாகவே சொல்கிறேன்.

தோமையாரின் இந்தியப் பயணத்தை முதலில் விரிவாகச் சொல்வது 'தோமாவின் பணிகள்' என்ற சிரியாக் நூல். 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதேசா நகரின் (அன்று சிரியப் பகுதி, இன்று துருக்கி) பக்கத்தில் எழுதப்பட்டது. அதில் அவர் தச்சு வேலை தெரிந்த அடிமையாக ஹப்பான் என்ற வணிகனுக்கு விற்கப்படுகிறார். குந்தபோரஸ் என்ற அரசன் மாளிகை கட்டப் பணம் தருகிறான். இவர் அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, உன் மாளிகை விண்ணுலகில் எழுந்துவிட்டது என்கிறார். பிறகு மஸ்தாய் என்ற அரசனின் நாட்டில் நான்கு வீரர்கள் ஈட்டியால் குத்திக் கொல்கிறார்கள். மஸ்தாய் என்பது பாரசீகப் பெயர். மயிலாப்பூரின் பெயர் அதில் எங்கே இருக்கிறது?

எலும்புகளை மேற்கே கொண்டுபோய்விட்டார்கள் என்று அதே நூல் முடிகிறது. 4ஆம் நூற்றாண்டில் எகேரியா என்ற யாத்திரைப் பெண்மணி எதேசாவில் அவர் கல்லறையைத் தரிசித்திருக்கிறார். அங்கிருந்து எலும்புகள் கிரேக்கக் கடலின் கியோஸ் தீவுக்குப் போய், 1258இல் இத்தாலியின் ஓர்த்தோனாவுக்கு வந்து சேர்ந்தன என்பது அந்த ஊர் மரபு. மார்க்கோ போலோவோ 1,200 ஆண்டுகள் கழித்து வந்தவர். மயில் வேட்டைக்காரன் ஒருவனின் அம்பு தவறிப் பட்டு இறந்தார் என்கிறார் அவர். ஈட்டியா அம்பா, கொலையா விபத்தா?

பரங்கிமலைவாசி:
ஈட்டி, அம்பு வேறுபாடு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் குந்தபோரஸை அப்படி எளிதாகக் கடந்துவிடாதீர்கள். அவன் கற்பனை அரசன் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. இன்றைய பாகிஸ்தானில் உள்ள தக்த்-இ-பாகியின் கல்வெட்டும் வந்தது. அதைக் கொண்டு கணக்கிட்டால் கி.பி. 46 வாக்கில் அவன் ஆட்சியில் இருந்தான். தோமையார் காலத்தோடு சரியாகப் பொருந்துகிறது. சிரியாவில் உட்கார்ந்து எழுதியவருக்கு இந்தப் பெயரை யார் சொன்னது?

அப்புறம் அந்த மயில். மார்க்கோ போலோ ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் கதையில் மயில் வருகிறது, ஊர் மயிலாப்பூர்! உள்ளூர்க்காரர் வாயிலிருந்து கேட்ட கதை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஏட்டுச்சுவடி:
குந்தபோரஸ் ஆண்டது தட்சசீலம், காந்தாரம், அதாவது இன்றைய பாகிஸ்தான் பக்கம். நீங்கள் காட்டும் நாணயம் தோமையாரை வடமேற்கே கொண்டுபோய் நிறுத்துகிறது, மயிலாப்பூரில் இல்லை. 2006இல் போப் பதினாறாம் பெனடிக்ட்டே, தோமையார் மேற்கு இந்தியா வரை போனார், அங்கிருந்து கிறிஸ்தவம் தென்னிந்தியாவுக்கு வந்தது என்ற பொருள்படப் பேசினார். கேரளத்தில் அதற்குப் பெரிய எதிர்ப்பு எழுந்தது.

குமரிக்காரி:
எதிர்ப்பு எழாமல் எப்படி இருக்கும் அண்ணா? எங்கள் பக்கம் திருவிதாங்கோட்டில் அரப்பள்ளி இருக்கிறது. தோமையார் கட்டிய ஏழரைப் பள்ளிகளில் (பள்ளி என்றால் இங்கே தேவாலயம்) அந்த அரை இதுதான் என்பது மரபு. அரசன் இடம் கொடுத்ததால் அரப்பள்ளி என்றும் சொல்வார்கள். அவர் வந்தது கடல் வழியாக என்கிறபோது காந்தாரம் எதற்கு? யவனர் கப்பல் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறே பாடுகிறது. பருவக்காற்றைப் பிடித்தால் செங்கடலிலிருந்து சில வாரப் பயணம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயேசு உயிர்த்தெழுந்ததை முதலில் நம்பவில்லை என்பதற்காக 'சந்தேகத் தோமா' என்று ஒரே பெயரை ஒட்டிவிட்டார்கள், எனக்கு அது தாங்காது. இயேசுவின் நண்பர் லாசர் இறந்தபோது, இயேசு யூதேயாவுக்குத் திரும்பினால் கல்லெறிவார்கள் என்று மற்றச் சீடர்கள் தயங்கினார்கள். நாமும் போவோம், அவரோடு சாவோம் என்று சொன்னவர் இவர்தான். யோவான் நற்செய்தி, 11ஆம் அதிகாரம். அப்படிப்பட்டவர் கப்பலேறத் தயங்கியிருப்பாரா?

ஏட்டுச்சுவடி:
தங்கச்சி, வழி இருந்தது என்பதால் வந்தார் என்று ஆகிவிடாது. பரங்கிமலைச் சிலுவைக் கல்லையே பாருங்கள். அதிலுள்ள எழுத்து பஹ்லவி, பழைய பாரசீக எழுத்து. 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்குள் வைக்கிறார்கள். பாரசீகக் கிறிஸ்தவ வணிகர்கள் இங்கே குடியேறி, தங்கள் திருத்தூதரின் நினைவையும் கூடவே கொண்டுவந்தார்கள் என்பது என் முடிவு.

பரங்கிமலைவாசி:
அந்தக் கல்லை இன்று காலையும் பார்த்தேன். பீடத்துக்குப் பின்னால் பதித்திருக்கிறது. சிலுவையின் நான்கு முனையும் மொட்டுப் போல விரிந்திருக்கும், மேலே ஒரு புறா தலைகீழாக இறங்கும், சுற்றி வளைவில் அந்த எழுத்துகள். 1547இல் கோயிலுக்கு அடித்தளம் தோண்டும்போது கிடைத்தது. போர்ச்சுகீசியருக்கு 700 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலையில் சிலுவை இருந்திருக்கிறது என்றுதானே பொருள்? இத்தனை இடம் இருக்க, பாரசீகர் இந்த மலையைத் தேடி வந்தது ஏன்? ஏற்கெனவே இங்கே ஒரு நினைவு இருந்திருக்க வேண்டும். 52, 72 என்ற ஆண்டுகளுக்காக நான் வாதாடவில்லை.

ஏட்டுச்சுவடி:
கடலிலிருந்து பார்த்தாலே தெரியும் மலை அது. கப்பலில் வந்த வணிகர் அதைத் தேர்ந்தெடுக்க அதுவே போதும். ஆனால் 'போர்ச்சுகீசியர் கட்டிய கதை' என்று நான் எழுதியது தவறு. அதைத் திரும்பப் பெறுகிறேன். கல்லறை யாருடையது என்பதில் மட்டும் நான் இன்னும் எதேசா பக்கம்தான்.