உதவி: நண்பர்கள் பட்டியல் வெறுமையாக வருகிறது (அவசரம்)

பனங்கிழங்கு:
அண்ணைமார், அவசரம். எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு ஓர் அப் செய்கிறேன். லொகின் சரி, பெயரும் படமும் வருகிறது. நண்பர்கள் பட்டியலைக் கேட்டால் மட்டும் வெறும் அடைப்புக்குறிதான். எரர் ஒன்றும் இல்லை. ஞாயிறு கூட்டத்தில் காட்ட வேண்டும். எங்கே பிழை?

கோப்பாய்க் குருவி:
எந்தத் தளம்? எந்த வெர்ஷன்? என்ன அனுமதி கேட்டீர்கள்? ரோக்கனை (லொகின் செய்ததும் அப்புக்குக் கிடைக்கும் இரகசியக் குறியீடு) மறைத்துவிட்டு, வந்த பதிலை அப்படியே போடுங்கள்.

ஒடியற்கூழ்:
கேர்சர்தான், பட்டியலின் அடுத்த பக்கத்தைக் காட்டும் குறி. ருவிட்டரின் பழைய ஏபிஐயோடு (அப்புகள் தளத்திடம் தகவல் கேட்கும் வழி) நானும் இதே பாடு பட்டேன். -1 இல் தொடங்கி, அடுத்த கேர்சர் 0 ஆகும் வரை சுற்ற வேண்டும். ஒரு தடவைக்கு 5000 ஐடி வரும்.

கோப்பாய்க் குருவி:
கூழ் அண்ணை, முதல் பக்கமே வெறுமை என்கிறார். அதோடு, ருவிட்டரில் நாம் பின்தொடர்கிற ஆளுக்குத்தான் 'பிரண்ட்' என்று பெயர். அந்த ஆளுக்கு நம்மைத் தெரிந்திருக்கவே தேவையில்லை.

சந்திக்கடை:
ரோக்கன் காலாவதி. புதிதாக எடுத்துப் பாருங்கள்.

பழைய புரோகிராமர்:
டோக்கன் காலாவதியானால் பெயரும் படமும் எப்படி வரும்? கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதலாம். கேட்ட தம்பி ஆவணத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். எந்தத் தளம் என்றுகூடச் சொல்லாமல் கேள்வி!

பனங்கிழங்கு:
மன்னிக்கவும், பேஸ்புக். நண்பர் அனுமதி வாங்கிவிட்டேன். பதிலின் கீழே மொத்த எண்ணிக்கை 436 என்று வருகிறது. ஆட்களைத்தான் காணவில்லை.

பழைய புரோகிராமர்:
இதை முதலே சொல்லியிருக்கலாம். 2014 ஏப்ரலில் வந்த பேஸ்புக் ஏபிஐயின் 2.0 வெர்ஷனில் இருந்தே, உமது அப்பில் லொகின் செய்து அதே அனுமதியைத் தானும் கொடுத்த நண்பர்கள் மட்டும்தான் பட்டியலில் வருவார்கள். பழைய 1.0 ஐ 2015 ஏப்ரல் 30 உடன் மூடிவிட்டார்கள். 436 வெறும் தொகை. உம்மைத் தவிர இந்த அப்பை யார் பாவித்தது?

பனங்கிழங்கு:
நான் மட்டும்தான்.

கோப்பாய்க் குருவி:
அப்ப பட்டியல் சரியாகத்தான் வருகிறது :) அப் இன்னும் டெவலப்மென்ட் மோடில் (வெளியிடுமுன் செய்து பார்க்கும் நிலை) இருந்தால் வெளியாள் லொகின் செய்யவே ஏலாது. நண்பர்கள் இரண்டு பேரை டெஸ்டராகச் சேர்த்து, அவர்களையும் லொகின் செய்யச் சொல்லுங்கள். ஊருக்கே விடுவதென்றால் அந்த அனுமதிக்கு அப் ரிவியூ, அதாவது பேஸ்புக்கின் பரிசீலனை, வேண்டும். ஞாயிறுக்குள் அதை நம்பாதீர்கள்.

சந்திக்கடை:
அது என்ன 'டோக்கன்'? யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ரோக்கன் என்று எழுத வெட்கமா?

பழைய புரோகிராமர்:
ஆங்கிலத்தில் அங்கே 'ர' எங்கே இருக்கிறது?

கோப்பாய்க் குருவி:
நன்னூல்படி இரண்டு எழுத்துமே சொல்லுக்கு முதலில் வராது. இரண்டு பேரும் தோல்வி.

சந்திக்கடை:
அப்ப 'இரோக்கன்' என்று எழுதுவமா?

பனங்கிழங்கு:
மச்சானையும் கழகச் செயலாளரையும் டெஸ்டராகப் போட்டேன். இரண்டு பேரும் வருகிறார்கள். நன்றி அண்ணை. சார்ஜ் இல்லை, பிறகு கதைக்கிறேன்.

ஒடியற்கூழ்:
அப்ப கேர்சர் இல்லையா?