மயில்பொறியை எந்த அலமாரியில் வைப்பது?

காப்பித்தோட்டம், ஏற்காடு:

பிள்ளைகளுக்காகச் சின்னதாக ஒரு படிப்பறை நடத்துகிறோம். தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து, இருட்டும்வரை படித்துவிட்டுப் போவார்கள். போன வாரம் இரண்டு மர அலமாரிகள் வந்தன. ஒன்றில் 'அறிவியல் புனைவு', இன்னொன்றில் 'மாயக்கதை' என்று சீட்டு ஒட்டிவிட்டு அடுக்க உட்கார்ந்தேன். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' யோசிக்காமலே முதல் அலமாரிக்குப் போனது. விக்கிரமாதித்தனும் வேதாளமும் இரண்டாவதுக்கு. அப்புறம் சீவக சிந்தாமணியின் உரைநடைச் சுருக்கம் கையில் வந்தது. அங்கே கை நின்றுவிட்டது.

கதை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அரசன் சச்சந்தன் ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் விட்டுவிட்டு இருக்கிறான். அரசி விசயை கண்ட கெட்ட கனவிலிருந்து தனக்கு முடிவு வரப்போகிறது என்று அவனுக்குப் புரிகிறது. கர்ப்பிணியான அவளைத் தப்பவைக்க, வானத்தில் பறக்கும் மயில்பொறி ஒன்றைச் செய்யச் சொல்கிறான். அதை ஓட்டவும் அவளுக்குப் பழக்குகிறான். வலப்பக்கம் திருகினால் எழும்பும். இடப்பக்கம் திருகினால் இறங்கிக் காலைக் குவித்து உட்காரும். சுமார் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் திருத்தக்கதேவர் எழுதியது இது.

நான் அதை அறிவியல் புனைவு அலமாரியில் வைத்தேன். சரியா தப்பா?

உருக்காலை ஓய்வு, சூரமங்கலம்:

தப்பு அம்மா. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

சிந்தாமணி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நம் முன்னோர் விமானம் ஓட்டினார்கள் என்று வாட்ஸ்அப்பில் தினமும் ஒன்று வருகிறது. என் பேரன் அதை நம்பி என்னிடம் வந்து கேட்கிறான். படிப்பறையில் அந்தச் சீட்டுக்குக் கீழே மயில்பொறி இருந்தால், அடுத்த பிள்ளையும் அப்படியே எடுத்துக்கொள்ளும்.

அறிவியல் புனைவுக்கு ஒரு நேர்மை வேண்டும். ஆர்தர் சி. கிளார்க் 1979-ல் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' எழுதினார். பூமியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுகிற கதை. அவர் பல பத்தாண்டுகள் இலங்கையில் வாழ்ந்தவர். கதையையும் அங்கேயே வைக்க ஆசை. ஆனால் அந்த லிஃப்ட்டின் கயிறு நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றும் இடத்திலிருந்து தொங்க வேண்டும். இலங்கையோ கோட்டுக்கு வடக்கே இருக்கிறது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தீவுக்கு தப்ரோபேன் என்று பழைய பெயரை வைத்து, அதைத் தெற்கே நகர்த்திக் கோட்டின் மேல் உட்காரவைத்தார். நகர்த்தியதை வாசகனிடம் சொல்லியும்விட்டார். இதைத்தான் நேர்மை என்கிறேன். வலப்பக்கம் திருகினால் எழும்பும் என்பது அந்த வகையில் சேராது. ஓர் ஆள் எடையைத் தூக்கும் ஆற்றல் எங்கிருந்து வந்தது? பதில் இல்லை.

குகை வாசகன், சேலம்:

சார், ஒரு தீவையே இழுத்து வேறு இடத்தில் வைத்தவர் செய்தது மாயம் இல்லை என்கிறீர்களே, அது எப்படி?

உருக்காலை ஓய்வு:

தம்பி, அவர் நிலத்தை நகர்த்தினார். விதியை நகர்த்தவில்லை. நிலத்தைக் கதாசிரியன் நகர்த்தலாம், அதற்குப் பெயர்தான் புனைவு. விதியை நகர்த்தினால் மாயக்கதை. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு இதுதான்.

குகை வாசகன்:

அப்படியானால் மாயக்கதையில் விதி கிடையாது என்று நினைக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு வலிக்கிறது. உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' படித்துப் பாருங்கள். அந்தத் தீவுகளில் மந்திரம் உண்டு. ஆனால் எதையும் சும்மா மாற்ற முடியாது. ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவில் வறட்சி வரலாம். அதனால் பெரிய மந்திரவாதிகள்தான் மந்திரத்தைக் குறைவாகத் தொடுவார்கள். இதைப் படித்தபோது எனக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. ஆடி மாதம் வந்தால் மேட்டூரில் எத்தனை அடி என்று காலையில் முதலில் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். அங்கே குடகில் மழை பெய்யாவிட்டால் இங்கே என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மனிதனின் உண்மைப் பெயரைத் தெரிந்தவன் அவனை ஆளலாம் என்பது அந்தக் கதையின் இன்னொரு விதி. ஒருவன் தன் உண்மைப் பெயரை நண்பனுக்குச் சொல்லும் இடம் வருகிறது. கழுத்தை நீட்டுவது போன்ற நம்பிக்கை அது. நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மொட்டை மாடியில் போய் நின்றேன். எந்த ராக்கெட் கதையும் எனக்கு இதைச் செய்ததில்லை.

அக்கா, அந்த இரண்டாவது அலமாரியைத் தயவுசெய்து கீழே வைத்துவிடாதீர்கள். எல்லா இடத்திலும் அறிவியல் புனைவு கண் உயரத்தில் இருக்கும், மாயக்கதை சின்னப் பிள்ளைகளுக்கு என்று காலடியில் கிடக்கும்.

அஸ்தம்பட்டி தமிழாசிரியை:

இருவருக்கும் ஒரு பாட்டை நினைவூட்டுகிறேன். மயில்பொறியை வெறுமனே பறந்தது என்று திருத்தக்கதேவர் விட்டுவிடவில்லை. எதனால் செய்தார்கள் என்று பட்டியல் போடுகிறார். துணிக்கிழி, பிசின், நூல், நல்ல அரக்கு, மெழுகு. ஏழு நாளில் வேலை முடிந்தது என்றும் சொல்கிறார். தேவரும் முனிவரும் வரம் கொடுத்துப் பறந்த பறவை இல்லை. கைவேலைக்காரன் செய்த பொருள். வரம் கேட்பதை விட்டுவிட்டு மெழுகும் நூலும் எடுக்கிற இடத்தில் ஒரு பெரிய திருப்பம் நடந்துவிட்டது என்று நான் வகுப்பில் சொல்வேன்.

இன்னொன்று. அந்தப் பொறி எப்போது தரை இறங்குகிறது? அரசி வானத்தில் போய்க்கொண்டிருக்கிறாள். கட்டியங்காரனின் வெற்றி முரசு காதில் விழுகிறது. கணவன் இறந்துவிட்டான் என்று தெரிந்து மயங்குகிறாள். பொறி மெல்ல இறங்கிச் சுடுகாட்டில் கால் குவித்து உட்காருகிறது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான். ஓட்டுகிறவளின் கை தளர்ந்தால் இயந்திரமும் இறங்கிவிடும். வரமாக வந்த வாகனமாக இருந்திருந்தால் அவளைப் பத்திரமான இடத்தில் கொண்டுபோய் இறக்கியிருக்கும்.

விதியைப் பற்றி அந்தத் தம்பி சொன்னதையும் மறுக்க மாட்டேன். மணிமேகலையில் அமுதசுரபி வருகிறது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம்தான். ஆனால் அது முன்பு ஆபுத்திரன் கையில் இருந்தபோது நடந்ததைப் பாருங்கள். நாட்டில் மழை பெய்து வளம் கொழிக்கிறது. அவனிடம் சோறு கேட்டு வர ஆள் இல்லை. பசித்தவர்களைத் தேடிக் கப்பல் ஏறுகிறான். மணிபல்லவத் தீவில் தவறிப்போய்த் தனியாக விடப்படுகிறான். கையில் அமுதசுரபி. தான் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாம். உலகத்து உயிர்களைக் காத்த பாத்திரம் என் ஒருவன் உயிரைக் காப்பதைப் பொறுக்க மாட்டேன் என்று கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான். இதை நடத்தும்போது ஒவ்வொரு வருடமும் என் குரல் கம்மிவிடும்.

உருக்காலை ஓய்வு:

டீச்சர், ஆபுத்திரன் கதை என்னையும் உலுக்கத்தான் செய்தது. ஆனால் அது அறநெறி. அறிவியல் விதி வேறு. பொருள்களைப் பட்டியல் போட்டதும் அறிவியல் ஆகிவிடாது. சுஜாதாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர வேலையில் இருந்தவர். இயந்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று கைப்பழக்கத்தில் தெரியும். அதனால்தான் 'என் இனிய இயந்திரா'வில் வரும் இயந்திர நாய் ஜீனோவை நம்பினோம்.

குகை வாசகன்:

சார், ஜீனோவை நம்பியது அது நாய்க்குட்டி என்பதால். இயந்திர நாய் புத்தகம் படித்துவிட்டுப் பேசுகிறது என்று எண்பதுகளில் எழுதினார். அதற்கும் அவர் எந்தச் சர்க்யூட் படமும் போடவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவும் படித்தார், நானும் படித்தேன். இருவருமே ஜீனோவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் பதறினோம்.

ஐந்து ரோடு:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். விந்தைக் கதை சேலத்துக்குப் புதிது இல்லை. ஏற்காடு ரோட்டில் இன்றைக்கும் நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, அந்த நிறுவனம் 1952-லேயே அமெரிக்கர்களோடு சேர்ந்து 'காடு' என்று ஒரு படம் எடுத்தது. எப்போதோ அழிந்துபோன மாமத் யானைகள் காட்டுக்குள் உயிரோடு திரிகின்றன என்பது கதை. நம் ஊர் யானைகளுக்கே மயிர் போர்த்தி மாமத் ஆக்கினார்கள். அந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

கொலுசுப்பட்டறை, சிவதாபுரம்:

வணக்கங்க. நான் பத்தாவதோடு பட்டறைக்கு வந்தவன். ராத்திரியில் ஃபோனில் கதை படிப்பேன். டீச்சர் சொன்ன பட்டியலைப் பார்த்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அரக்கு, மெழுகு என்று அந்தப் புலவர் எழுதியிருக்கிறார் என்றால் அவர் ஏதோ ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். வெள்ளியில் பூ வேலை செய்யும்போது தகட்டைச் சும்மா பிடித்துக்கொண்டு உளி வைக்க முடியாது, நகர்ந்துவிடும். அரக்கைச் சூடுகாட்டி இளக்கி, அதில் தகட்டைப் பதித்து, இறுகினதும்தான் உளி தொடும். வேலை முடிந்ததும் மறுபடி சூடுகாட்டினால் விட்டுவிடும். சூடு கொஞ்சம் கூடினாலும் அரக்கு கருகி நாற்றம் எடுக்கும், குறைந்தால் பிடிக்காது. இது எழுதி வைத்த பாடம் இல்லைங்க. மூக்கிலும் விரலிலும் இருக்கிற பாடம். உருக்காலை சார் இதை அறிவியல் இல்லை என்று சொன்னால் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

டீச்சரிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த மயிலைச் செய்தவன் பெயர் என்ன?

அஸ்தம்பட்டி தமிழாசிரியை:

அந்தப் பாட்டில் பெயர் இல்லை. மயில் செய்தனன் என்பதோடு நிற்கிறது.

உருக்காலை ஓய்வு:

கொலுசுப்பட்டறைத் தம்பிக்கு: உங்கள் கைவேலையை அறிவியல் இல்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். உலையில் இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்கிற ஆட்களோடு வேலை பார்த்தவன் நான். அவர்களிடம்தான் பாதித் தொழில் கற்றேன். என் பயமெல்லாம் பேரனைப் பற்றித்தான். கதை என்று தெரிந்து படித்தால் எனக்குச் சண்டையே இல்லை.

காப்பித்தோட்டம்:

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நான்கு மணிக்கே பனி இறங்கி, ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியவில்லை. எட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். மயில்பொறிப் பகுதியை வாசித்துக் காட்டினேன். பிறகு, இது நிஜமாக நடந்ததா என்று அவர்களையே கேட்டேன். ஏழு பேர் இல்லை என்றார்கள். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் யோசித்துவிட்டு, "நடக்கலைங்க அக்கா, ஆனா செஞ்சு பார்த்திருப்பாங்க" என்றாள். உருக்காலை ஐயா, உங்கள் பேரனை ஒரு நாள் மேலே அழைத்து வாருங்கள்.

புத்தகத்தை முதல் அலமாரியிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் சீட்டில் 'அறிவியல்' என்ற சொல்லை ஐயாவுக்காக அழித்துவிட்டு 'செய்து பார்க்கும் கதைகள்' என்று எழுதினேன். மற்றதில் 'மாயக்கதை' அப்படியே இருக்கிறது. குகைத் தம்பி கேட்டபடி இரண்டும் ஒரே உயரத்தில்.

குகை வாசகன்:

எர்த்ஸீயை எனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக் காட்ட நான் ஒரு ஞாயிறு வருகிறேன் அக்கா.

கொலுசுப்பட்டறை:

பெயர் இல்லாத அந்த ஆளை விட மனசில்லைங்க. அவனைப் பற்றி ஒரு கதை எழுதத் தொடங்கிவிட்டேன், மூன்று பக்கம் வந்திருக்கிறது. ஏழு நாளில் அரசனுக்குச் செய்து கொடுக்க வேண்டும், எதற்காக என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. நான்காவது நாளில் சிக்கி நிற்கிறேன். வெயிலில் மெழுகு உருகிவிடாதா? உருக்காலை சார் சொல்ல வேண்டும்.

உருக்காலை ஓய்வு:

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். சித்திரை வெயிலில் கிடக்கும் தகடு எவ்வளவு சுடும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் தரையில் நிழலில் வைத்தே செய்யச் சொல்லுங்கள். மேலே எழும்பிவிட்டால் மெழுகுக்குப் பயம் இல்லை. ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி போலக் குறைந்துகொண்டே போகும். ஏற்காடு பஸ்ஸில் ஏற ஏற நாம் ஜன்னலைச் சாத்துவது அதனால்தான். ஆனால் மேகத்துக்குள் நுழைந்தால் துணி நனைந்து கனக்கும், பிசின் இளகும். அங்கேதான் உங்கள் ஆளுக்குச் சிக்கல். துணியின் மேல் மெழுகைத் தேய்த்தானா, அரக்கைப் பூசினானா? ஐந்தாவது நாளை எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.