கரெக்டாவா, கரெக்டா?

(பூச்சிப் படம் எடுக்கும் பெங்களூர்க்காரர்கள் மூவர், தங்கள் பகுதிப் பேரில் எழுதிக்கொண்டது.)

மல்லேஸ்வரம்:
போன மாதம் வீட்டுக் கொய்யாவில் ஒரு பழ ஈ. இறக்கையைத் துடுப்புப் போல அசைத்துக்கொண்டு பழத்தின் மேல் நடந்தது. படம் எடுத்து, பழ ஈயில் ஓர் இனமான ‘டார்சாலிஸ்’ என்று பேர் போட்டு இணையத்தில் ஏற்றினேன். வயிற்றில் ஆங்கில ‘T’ எழுத்து மாதிரி கறுப்புக் கோடு தெரிந்தால் டார்சாலிஸ்தான் என்று அதுவரை நினைப்பு. கீழே ஒருவர் ஒரே வார்த்தை எழுதியிருந்தார்: ‘கரெக்டா’. கேள்வி கேட்கிறார் என்று நினைத்து, ‘ஆமாம் சார், கரெக்டுதான்’ என்று பதில் போட்டுவிட்டேன். பாக்ட்ரோசெரா கரெக்டா என்றே ஓர் இனம் இருப்பது அன்று ராத்திரிதான் தெரிந்தது. அந்த ‘T’ அதற்கும் உண்டாம். டார்சாலிஸுக்கு இறக்கையின் முன்விளிம்பில் கறுப்புப் பட்டை நுனிவரை விடாமல் ஓடும். என் படத்தில் பட்டை பாதியில் நின்று, நுனியில் தனியாக ஒரு புள்ளி. இன்னும் கூச்சமாக இருக்கிறது.

ஜெயநகர்:
லால்பாக்கில் துளசிப் பூவில் ‘தேனீ’ என்று சொல்லி மகனை இழுத்துக்கொண்டு ஓடினேன். வீட்டில் படத்தைப் பெரிதாக்கினால் கண் முழுக்கப் புள்ளி, இறக்கை இரண்டே இரண்டு. எரிஸ்டலைனஸ், வெறும் ஈ. “கொட்டாதுன்னா ஏம்பா ஓடினோம்?” என்று இன்றும் கேட்கிறான்.

ஹெப்பால்:
மல்லேஸ்வரம் நண்பரே, இறக்கையை மட்டும் பார்த்து கரெக்டா என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? ஸோனாட்டா என்ற இன்னொரு பழ ஈக்கும் பட்டை அறுந்து நுனியில் புள்ளிதான். முகத்தைப் பாருங்கள். ஸோனாட்டாவுக்கு இரண்டு உருண்டைப் புள்ளி, தள்ளித் தள்ளி. கரெக்டாவுக்கு அவை குறுக்கே நீண்டு கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருக்கும். நான் மெத்தில் யூஜெனால் (ஆண் பழ ஈக்களை இழுக்கும் வாசனைப் பொருள்) பொறி வைத்தபோது மூன்றும் ஒரே டப்பாவில் விழுந்தன, அத்தனையும் ஆண். மேலிருந்து எடுக்கும் ஒரு படத்தை வைத்து சண்டை போடத்தான் முடியும். அடுத்த தடவை ஈயை டப்பாவில் பிடித்து ஐந்து நிமிஷம் ஃபிரிட்ஜில் வையுங்கள், அசையாமல் இருக்கும். அப்புறம் முகம், முதுகு, பக்கவாட்டு, விரித்த இறக்கை என்று நாலு படம். வெயிலில் வேண்டாம், மார்புப் பளபளப்பில் மஞ்சள் கோடு காணாமல் போய்விடும்.

மல்லேஸ்வரம்:
முகத்தை ஒரே தடவை என் பக்கம் திருப்பியது சார். அந்த நேரம் பார்த்து முந்தின படம் சரியாக விழுந்ததா என்று ஃபோனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஃபிரிட்ஜ் விஷயம். அது மாமியாருடைய ஃபிரிட்ஜ்.