ப்யோர்க்கோட வல்னிக்யூரா: பாதியிலயே நிறுத்திட்டேன், மேல கேக்கணுமா?

மழைக்குருவி: ஐஸ்லாந்து பாடகி ப்யோர்க் எனக்கு ஹோமோஜெனிக் ஆல்பம் மூலமாத்தான் பழக்கம், 1997ல வந்தது, அதுல வயலினும் பீட்டும் மோதுறதே தனி சுகம். அந்த ஆசையில 2015ல வந்த வல்னிக்யூராவ எடுத்தேன், தன் துணையா இருந்த கலைஞர் மேத்யூ பார்னிய பிரிஞ்சத வச்சுப் பண்ண ஆல்பம். மூணு பாட்டு ஓகே, நாலாவது பிளாக் லேக், பத்து நிமிஷம், பாதியில ஹெட்ஃபோன கழட்டிட்டேன். அடுத்தவங்க டைரிய புரட்டுற மாதிரி ஒரு கூச்சம். சொந்த வலிய இப்படி அப்படியே கொட்டுனா அது பாட்டா புலம்பலா?

தந்திப்பித்தன்: அப்படியே கொட்டல நண்பா, அதான் விஷயமே. புக்லெட்ல முதல் ஆறு பாட்டுக்கும் காலம் போட்டிருக்கும். ஸ்டோன்மில்க்கர் பிரிவுக்கு 9 மாசம் முன்னாடி, லயன்சாங் 5, ஹிஸ்டரி ஆஃப் டச்சஸ் 3, அப்புறம் நேரா பிளாக் லேக், பிரிஞ்சு 2 மாசம் கழிச்சு. உறவு முறிஞ்சது அந்த மூணுக்கும் நாலுக்கும் நடுவுல, நீங்க நிறுத்துனதும் அங்கதான்!! அந்தப் பாட்டுல ஒவ்வொரு சரணத்துக்கும் நடுவுல ஸ்டிரிங்ஸ் ஒரே கார்ட்ல, அதாவது சேந்து ஒலிக்கிற ஒரே சுரக்கூட்டத்துல, அசையாம நிக்கும் பாருங்க, ரொம்ப நேரம் நிக்கும், தொண்டை அடைச்சு வார்த்தை வராம நிக்கிற இடம் அது. புலம்புறவங்களுக்கு நிறுத்தத் தெரியாது, இவங்க எவ்ளோ நேரம் நிறுத்தணும்னு கணக்குப் போட்டு எழுதிருக்காங்க, ஸ்டிரிங்ஸ் அரேஞ்ச்மென்ட்டே அவங்களோடதுதான்.

நீலக்கடல்: எனக்கு பிளாக் லேக் இப்பவும் நீளம்தான், மறைக்க விரும்பல. ஆனா ஸ்டோன்மில்க்கரோட 360 டிகிரி வீடியோ பாருங்க, ஐஸ்லாந்துல க்ரோட்டா கடற்கரைல எடுத்தது, எந்தப் பக்கம் திரும்பினாலும் அவங்க நின்னு நம்ம முகத்த பாத்து பாடுவாங்க. ஒளிஞ்சு பாக்குற கூச்சம் எனக்கு அங்கதான் போச்சு, அவங்களே கூப்பிட்டு உக்கார வச்சு சொல்ற மாதிரி ஆயிடுச்சு. மார்ச்ல வர வேண்டிய ஆல்பம் லீக் ஆகி ஜனவரியிலயே ரிலீஸ் பண்ண வேண்டியதாச்சு, இவ்ளோ அந்தரங்கமான ஒண்ணுக்கு அப்படி நடந்தது இன்னும் மனசுக்கு ஆறல.

மழைக்குருவி: இப்ப ஆறாவது வரைக்கும் வரிசையா கேட்டேன். அந்த ஆறாவது பாட்டு நோட்கெட்ல, ஆல்பத்த கூட சேந்து தயாரிச்ச ஆர்காவோட பீட் இறங்குறப்போ குரல்ல ஒரு தெம்பு வருது, 11 மாசம் கழிச்சுன்னு போட்டிருக்கு, நம்ப முடியுது. கடைசி மூணுக்கு மட்டும் ஏன் காலம் இல்ல?

தந்திப்பித்தன்: அது பிரிவுக் கதைக்கு வெளிய போயிடுது. மவுத் மந்த்ரா அவங்க தொண்டை ஆபரேஷன் பத்தினது, அதையும் ஹெட்ஃபோன்லயே கேளுங்க.