5.3 வி8 பிக்கப்புக்கு கேட்-பேக் எக்ஸாஸ்ட்: ஒற்றை 3 இன்ச்சா, இரட்டை 2.5 இன்ச்சா?

தார்ச்சாலை (கேள்வி)

வணக்கம். வண்டி 5.3 லிட்டர் வி8 பெட்ரோல் பிக்கப், நான்கு கதவு கேபின், குட்டை லோடு பாடி, சுமார் 350 குதிரைத்திறன். லேசாக ஓட்டும்போது நான்கு சிலிண்டர் தானாக ஓய்ந்துகொள்ளும் வகை எஞ்சின். சைலன்சரின் மடிப்பு ஓரம் அரித்து ஓட்டை விழுந்துவிட்டது. கேட்-பேக்கை, அதாவது புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் வரும் குழாய், சைலன்சர் எல்லாவற்றையும், எப்படியும் மாற்ற வேண்டும். அடிக்கடி 2 டன் டிரெய்லர் இழுக்கும் வண்டி. 100 கி.மீ. வேகத்தில் 1,700 ஆர்.பி.எம். ஓடுகிறது.

ஒற்றை 3 இன்ச் குழாயா, இரட்டை 2.5 இன்ச்சா? பெரிய குழாய் போட்டால் பேக் பிரஷர் (புகை வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தம்) போய் இழுவை குறையும் என்கிறார்களே, உண்மையா? நல்ல உறுமல் வேண்டும், ஆனால் நெடுஞ்சாலையில் கேபினுக்குள் பேச முடியாமல் போகக் கூடாது.

வளைகுழல்

எந்த எஞ்சினுக்கும் பேக் பிரஷர் தேவையில்லை, தேவை புகையின் வேகம். ஒரு சிலிண்டரிலிருந்து கிளம்பும் புகைத் துடிப்பு வேகமாக ஓடினால் அதன் பின்னால் அழுத்தம் தாழும். அந்தத் தாழ்வு அடுத்த சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். குழாய் அளவுக்கு மீறிப் பெருத்தால் வேகம் செத்துவிடும். இதைப் பார்த்துத்தான் "பேக் பிரஷர் போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இந்த வேலை பெரும்பாலும் ஹெடரிலேயே, அதாவது எஞ்சினோடு இணையும் முதல் குழாய்த் தொகுப்பிலேயே, முடிந்துவிடுகிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் குழாயை அரை இன்ச் கூட்டினால் இழுவையில் பெரிய மாற்றம் தெரியாது.

அளவைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 2.2 கன அடி ஓட்டம் வேண்டும். நேர்க்குழாயின் உள் பரப்பில் ஒவ்வொரு சதுர இன்ச்சும் ஏறக்குறைய 115 கன அடி கடத்தும். 16 கேஜ் குழாயின் சுவர் 0.065 இன்ச், அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 2.25 இன்ச் குழாய் சுமார் 185, 2.5 இன்ச் 230, 3 இன்ச் 335 குதிரைத்திறன் வரை சிரமமில்லாமல் தாங்கும். ஒற்றை 3 இன்ச் உங்கள் எஞ்சினுக்கு ஏறக்குறையப் பொருந்துகிறது. குறை ஏதாவது இருந்தால் சிவப்புக் கோட்டுக்கு (எஞ்சினின் உச்ச ஆர்.பி.எம்.) பக்கத்தில்தான் இருக்கும், டிரெய்லர் இழுக்கும் வண்டி அங்கே ஓடாது. இரட்டை 2.5 என்றால் 460 வரை போகும். அவ்வளவு உங்களுக்கு வேண்டாம். எடையும் கூடும், ஆக்சிலுக்கு மேலே இரண்டு குழாயை வளைத்துக் கொண்டுபோக இடமும் தேட வேண்டும்.

வளைவுகள் மாண்ட்ரல் வளைவாக (உள்ளே தாங்கு கம்பி வைத்து, நசுங்காமல் வளைத்ததாக) இருக்கட்டும். அழுத்தி வளைத்த குழாய் மூலையில் நசுங்கி ஓட்டத்தைக் குறைத்துவிடும், 3 இன்ச் வாங்கியதே வீணாகிவிடும். கிட் வாங்கும் முன் வண்டியின் வீல்பேஸை (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்) டேப் வைத்து அளந்து, கிட்டின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரே மாடலில் கேபினுக்கும் பாடிக்கும் தகுந்தபடி முன் குழாயின் நீளம் மாறும். தவறான கிட் வந்து சேருவதற்கு இதுதான் முதல் காரணம். ஆக்சில்-பேக் கிட், அதாவது பின் ஆக்சிலுக்குப் பின்னால் உள்ளதை மட்டும் மாற்றுவது, உங்களுக்குப் பயன்படாது. பிக்கப்பில் சைலன்சர் பெரும்பாலும் பின் ஆக்சிலுக்கு முன்னாலேயே இருக்கும், பின்னால் இருப்பது வெறும் வால்குழாய்தான்.

ரீங்காரம்

விட்டத்தைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது ட்ரோன், அதாவது சீரான வேகத்தில் ஓடும்போது கேபினுக்குள் விடாமல் கேட்கும் தாழ்ந்த இரைச்சல். நான்கு சிலிண்டர் ஓயும் எஞ்சினில் இது இரட்டைச் சிக்கல்.

வெடிப்பு அதிர்வெண்ணை இப்படிக் கணக்கிடலாம்: ஆர்.பி.எம்.மை 60ஆல் வகுத்து, வேலை செய்யும் சிலிண்டர் எண்ணிக்கையில் பாதியால் பெருக்குங்கள். 1,700இல் எட்டும் ஓடினால் 113 ஹெர்ட்ஸ். நான்கு மட்டும் ஓடினால் 57 ஹெர்ட்ஸ். இந்த இரண்டும் கேபின் என்ற பெட்டி எளிதில் சேர்ந்து அதிரும் தாழ்ந்த சுருதிகள். காதில் கேட்பதைவிட நெஞ்சிலும் பின் கண்ணாடியிலும்தான் அதிகம் உணர்வீர்கள். ஐடிலிலும் முழு ஆக்சிலேட்டரிலும் எடுத்த வீடியோவை நம்பி சைலன்சர் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். உங்களுக்குத் தேவை 1,500 முதல் 2,000 வரை, லேசான மிதியில், கேபினுக்குள் பதிவான ஒலி.

சைலன்சரில் பெரும்பாலும் இரண்டு வகை பார்ப்பீர்கள். ஒன்று அறைகள் கொண்டது: புகையைத் தடுப்புத் தகடுகளில் மோதவிட்டு ஒலியை அடக்கும். உறுமல் அழுத்தமாக வரும், ட்ரோனும் அதோடு வரும் வாய்ப்பு அதிகம். இன்னொன்று துளைக் குழாயைச் சுற்றி நார் அடைத்த நேர்வழிச் சைலன்சர். இது உச்சஸ்தாயிச் சத்தத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் 57 ஹெர்ட்ஸ் அலைக்கு அந்த நார் இருப்பதே தெரியாது. தாழ்ந்த சுருதியை அடக்குவது கொள்ளளவு. கம்பெனி சைலன்சர் அவ்வளவு பெரிதாக இருப்பதற்கு அதுவே காரணம். ஆகவே 14 இன்ச் நீளக் குட்டி உருளையை விட்டுவிட்டு, 24 முதல் 30 இன்ச் நீளப் பெரிய பெட்டியையும் அதற்குப் பின்னால் ஒரு ரெசனேட்டரையும் (குறிப்பிட்ட சுருதிகளை அடக்கும் துணை அறை) தேடுங்கள்.

தார்ச்சாலை

நன்றி நண்பர்களே. ஒற்றை 3 இன்ச் என்று முடிவு செய்துவிட்டேன். ஜே-பைப் வைத்து ட்ரோனை அழித்துவிடலாம் என்று சொல்கிறார்களே, அது உதவுமா? குழாயில் 409, 304, அலுமினியம் பூசியது என்று மூன்று வகை இருக்கிறது. வித்தியாசம் என்ன?

ரீங்காரம்

ஒரு முனை மூடிய பக்கக் குழாய்தான் ஜே-பைப். அலை அதற்குள் போய்த் திரும்பி வரும்போது எதிர்க்கட்டத்தில் சேர்ந்து தன்னைத்தானே அழிக்கும். நீளம், ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். சூடான புகையில் ஒலி நொடிக்கு 430 மீட்டர் அளவில் ஓடுகிறது என்று வைத்தால் 113 ஹெர்ட்ஸுக்கு 95 செ.மீ. போதும், அதை வண்டிச் சட்டத்தின் (சேஸிஸ்) ஓரமாகப் பொருத்திவிடலாம். 57 ஹெர்ட்ஸுக்கு 1.9 மீட்டர் வேண்டும். அதற்கு அடியில் இடம் இருக்காது. மூடிய குழாய்க்குள் புகை ஓடாததால் அங்கே சூடும் குறைவு, நீளக் கணக்கு கொஞ்சம் பிசகும். மூடியை நகர்த்திச் சரிசெய்யும்படி வைத்துப் பார்த்துவிட்டு வெல்டு வைப்பதே சரி.

ஆக எட்டு சிலிண்டர் ட்ரோனுக்கு ஜே-பைப் தீர்வாகும், நான்கு சிலிண்டர் ட்ரோனுக்குப் பெரிய சைலன்சர்தான் வழி. சிலிண்டர் ஓய்வை நிறுத்திவைக்கும் செருகு கருவிகளும் இருக்கின்றன, எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகப் போகும். டிரெய்லர் இழுக்கும்போது எஞ்சின் எப்படியும் பெரும்பாலும் எட்டிலேயே ஓடும்.

இடுக்கிக்கை

குழாய் வகை: அலுமினியம் பூசிய எஃகு மலிவு, ஆனால் வெல்டு வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோய் துரு அங்கிருந்தே தொடங்கும். 409, 304 இரண்டும் ஸ்டெயின்லெஸ் எஃகு வகைகள். 409இல் ஏறக்குறைய 11 சதவீதம் குரோமியம். மேலே பழுப்பேறும், ஓட்டை விழப் பல காலம் ஆகும். 304இல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். உப்புக் காற்றோ, உப்பு தூவிய சாலையோ என்றால் 304 எடுங்கள். மற்ற இடங்களில் 409 தாராளமாகப் போதும்.

304 சூட்டில் அதிகம் நீளும். 3 மீட்டர் குழாய் 300 டிகிரி ஏறினால் சுமார் 15 மி.மீ. நீண்டுவிடும், 409 என்றால் 10 மி.மீ. ஹேங்கர் ரப்பர்களைக் குளிர்ந்த நிலையிலேயே பின்பக்கம் இழுபட்டிருக்கும்படி மாட்டினால், சூடானதும் சட்டத்தில் இடிக்கும், ரப்பர் கிழியும்.

மாட்டும் முறை: முந்தைய நாள் இரவே போல்ட்டுகளுக்குத் துரு இளக்கி அடித்து வையுங்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ரப்பர் கழன்றுவர சோப்புத் தண்ணீர் போதும். புதிய குழாயை முன்னாலிருந்து பின்னாலாகத் தொளதொளவென்று கோர்த்து, இணைப்பு ஒவ்வொன்றும் 50 மி.மீ. உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் நேராக்கிவிட்டு முன்னாலிருந்து இறுக்கிக்கொண்டு வாருங்கள். யு-போல்ட் கிளாம்ப் குழாயை நசுக்கிவிடும், அடுத்த முறை கழற்ற முடியாது. குழாயைச் சுற்றிலும் சமமாக இறுக்கும் அகலப் பட்டையான பேண்ட் கிளாம்ப் போடுங்கள்.

இடைவெளியை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். லிஃப்டில் ஆக்சில் தொங்கும், அப்போது தெரிகிற இடைவெளி பொய். சுமை ஏறினால் ஆக்சில் மேலே வந்து குழாயில் இடிக்கும். ஆக்சிலுக்கு மேலே முழு அமுக்கத்திலும் 25 மி.மீ. மிஞ்ச வேண்டும். ஸ்டெப்னி, பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் பக்கத்தில் இன்னும் கூடுதலாக விடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் குழாயில் பட்ட கைரேகையை ஸ்டார்ட் செய்யும் முன் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் வெந்து கறையாகப் பதியும். முதல் இருபது நிமிடம் எண்ணெய்ப் புகை வரும், அது இயல்பு. சுமார் 100 கி.மீ. ஓடியபின் குளிரவிட்டு எல்லா கிளாம்பையும் மறுபடி இறுக்குங்கள்.

வளைகுழல்

இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்கிறேன். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இருக்கும் இணைப்பில் சாதாரண சிலிக்கான் பசை தடவாதீர்கள், அதன் ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும். அங்கே கசிவும் இருக்கக் கூடாது. புகைத் துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே இழுபடும், கணினி கலவை மெலிந்துவிட்டது என்று எண்ணிப் பெட்ரோலைக் கூட்டும், பி0171 (கலவை மெலிவு) என்ற பிழைக் கோடு வரும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, வால்குழாயைக் கனத்த துணியால் சில நொடி பாதி மூடி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடத்தில் குமிழி கிளம்பும்.

அடுத்தது வாய் எங்கே முடிகிறது என்பது. கேபினுக்கு அடியிலோ ஆக்சிலுக்கு முன்னாலோ குழாயை வெட்டிவிடும் வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் உள்ளே ஏறும். பின் சக்கரத்துக்குப் பின்னால், பக்கவாட்டில் வெளியே வரும்படி எடுங்கள். நேராகப் பின்னால் விட்டால் சூடும் கரியும் டிரெய்லரின் முகப்பிலும் விளக்கு வயரிலும்தான் விழும்.